ஏழின் இடுப்பில் ஒரு கோடு

போர்த்தோ அலெக்ரியில் ஜூலை மாதத்துக் குளிர்
வெளியே இருப்பதில்லை, சுவருக்குள் இருக்கும்.
கால் மேல் கம்பளி, கம்பளி மேல் பூனை,
பூனை மேல் வயர்.
வயரின் மறுமுனையில் பிரேசிலிலேயே பொருத்திய கறுப்புப் பெட்டி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையது,
இன்னும் சூடாகிறது.

பகலில் நான் லிஃப்ட் ஓட்டுகிறேன்.
சந்தைக்குப் பின்னால் பழைய கட்டடம், பதினான்கு மாடி.
வக்கீல்கள், பல் டாக்டர், சாவி வெட்டுபவர்.
ஏறுகிறவர் எல்லாரும் எங்கோ போய்ச் சேர்கிறார்கள்.
எனக்குப் பதினான்கு வந்ததும் மறுபடி ஒன்று.

அதனால்தானோ என்னவோ
செம்புக் கோபுரத்தின் மேல் இத்தனை வெறி.
அதற்குப் பத்தே மாடி.
தொண்ணூற்று மூன்று விடுமுறையில்
நானும் ஜெனேசியோவும் ஒன்பது வரை ஏறினோம்.

அந்தக் காலத்து விளையாட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது.
அணைத்தால் மறந்துவிடும்.
மறக்குமுன் முப்பத்திரண்டு எழுத்து கொடுக்கும்:
எழுதி வை, நாளைக்கு வந்து சொல்,
விட்ட இடத்தில் விடுகிறேன்.

ஜெனேசியோ எழுதினான்,
விலங்கு லாட்டரிச் சீட்டின் முதுகில்
(அப்பா அன்று ஒட்டகத்தில் தோற்றிருந்தார்).
மழையில் கோழி நடந்த மாதிரி எழுத்து.
மறுநாள் திரை சொன்னது: தவறு.

ஓ-வா, பூஜ்யமா?
எஸ்ஸா, ஐந்தா?
பி-யா, எட்டா?
ஒன்பது எழுத்தில் சந்தேகம்.
அப்படியானால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வழி என்று
ஒரு பொறியாளர் ஏழாம் மாடிக்குள் கணக்குப் போட்டுத் தந்தார்,
இறங்கும்போது நல்வாழ்த்தும் சொன்னார்.

நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருகிறேன்.
ஒரு முயற்சிக்கு நாலு நிமிஷம்.
இருநூற்றுப் பதினாறு ஆயிற்று.
இடையில் கல்யாணம் ஆயிற்று, கல்யாணமும் ஆயிற்று.
ஆறு வீட்டுக்குள் வந்த வருஷம்
சோபா போனது, ஃப்ரிட்ஜ் போனது,
சீட்டு அலமாரி உச்சியில் காய்ந்தபடி கிடந்தது.

நேற்று பொறுமை போய் மனாவுஸுக்குப் போன் போட்டேன்.
படகு மோட்டார் பழுதுபார்க்கிறான் அங்கே.
இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.
அப்பாவின் வீட்டை விற்றதில் ஒரு கணக்கு,
அது கிடக்கட்டும்.
"சீட்டைப் படம் எடுத்து அனுப்பு."
அனுப்பினேன்.
வெகுநேரம் அவன் மூச்சு மட்டும். பின்னால் மோட்டார் ஒன்று இருமியது.
பிறகு,
"இவோனெச்சி, இதில் எஃப் எங்கே இருக்கிறது? அது ஏழு.
ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவேனே நான்."

நான் சந்தேகப்பட்ட ஒன்பதில் அது இல்லை.
சந்தேகமே படாத எழுத்தில்
இத்தனை வருஷம் வழுக்கியிருக்கிறேன்.

மிச்சத்தையும் அவனே வாசித்தான்.
இரண்டு எழுத்து அவனுக்கே புரியவில்லை.
மூன்றாம் தடவை திரை இருண்டு,
பிறகு ஒன்பதாம் மாடி.
அதே ஈரச் சுவர். அதே விளக்குப் பையன்.
ஒரே உயிர், முப்பத்தேழு காசு.
நாங்கள் சாப்பிடப் போன அதே படியில்
ஒரு காலைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"வௌவால் வரும்! இடப்பக்கம் குதி, இடப்பக்கம்!"
வலப்பக்கம் குதித்தேன்.
ஆறு நொடி.
செத்தான்.

சிரித்த சிரிப்பில் பூனை கோபித்துக்கொண்டு எழுந்து போனது.
"நாளைக்கு?" என்றான்.
"பத்து மணி. உன் ஊரில் ஒன்பது."

புதுத் தாளில், பேனாவால் எழுதினேன்.
பூஜ்யத்துக்குள் புள்ளி. எட்டுக்குத் தனித்தனியாய் இரண்டு வயிறு.
ஏழின் இடுப்பில் கோடு வேண்டாம் என்று நினைத்து,
பிறகு போட்டேன்.
பத்தாம் மாடியில் என்ன இருக்கிறதென்று
இருவருக்குமே தெரியாது.

காலை எட்டு. இரும்புக் கதவை இழுக்கிறேன்.
பல் டாக்டரின் முதல் நோயாளி,
கன்னம் வீங்கி, பேச முடியாமல்,
விரல்களைக் காட்டுகிறார்: ஐந்து, நாலு.
"ஒன்பதாம் மாடி" என்கிறேன்,
அவருக்குத் தேவையானதைவிடச் சத்தமாக.